மூன்றடுக்கு உயரம்

சாலையோரத்தில் உயரமான வண்டி எது நின்றாலும் பிலோமி தன் பிக்கப்பை ஓரங்கட்டிவிடுவார். இருக்கைக்குப் பின்னாலிருந்து மூன்றடுக்கு டிஃபன் கேரியரை எடுத்துக்கொண்டு இறங்குவார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு முழங்காலை ஊன்றி, கேரியரை அந்த வண்டியின் வயிற்றுக்கு அடியில் தள்ளுவார். எங்கேயும் இடிக்காமல் உள்ளே போய்விட்டால் முகமெல்லாம் சிரிப்பு.

"மூணு அடுக்கும் பூந்துச்சி தம்பி! கைப்பிடியோட பூந்துச்சி!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி, வண்டியில் கூடவே வரும் எனக்குச் சேதி சொல்வார்.

தண்டையார்பேட்டையில் ஒருமுறை வண்டியின் சொந்தக்காரர் டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடிவந்துவிட்டார்.

"இன்னாமா, அடியில இன்னா வெக்கிற?"

"வெக்கலண்ணா, அளக்குறேன். உள்ள மீன் கொயம்புதான் கீது, பயப்படாத."

அவர் நம்பாமல் மூடியைத் திறந்து பார்த்தார். மீன் குழம்புதான். அதற்கப்புறம் கையிலிருந்த டீ ஆறிப்போகும் வரை இருவரும் வண்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டு பேசினார்கள்.

பிலோமியின் சொந்த வண்டிக்கு அடியில் இரண்டு அடுக்குதான் போகும். மூன்றாவது அடுக்கு நடுவயிற்றில் 'டங்' என்று இடிக்கும். அந்தச் சத்தம்தான் சில மாதங்களாக அவருடைய கவலை, கனவு, பேச்சு எல்லாம்.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் பார்களை ஏற்றி, எண்ணூர் பக்கத்துக் கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். அதைச் செய்கிற வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் மற்ற வண்டிகள் தார்ச்சாலை முடிகிற இடத்தில் நின்றுவிடும். அதற்கப்பால் மணல். சாக்கைத் தலையில் போட்டு, அதன்மேல் ஐஸை வைத்துப் படகுவரை ஆள்தான் சுமக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் ஒரு பங்கு உருகி முதுகில் வழிந்துவிடும். பிலோமியின் வண்டி அப்படியில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் அது. ஒரு ஒப்பந்தக் கம்பெனி கழித்துக்கட்டியபோது வாங்கினாராம். மஞ்சள் பெயின்ட்டின் மேல் உப்புக்காற்று இஷ்டத்துக்குப் படம் வரைந்திருக்கிறது. மணலில் இறங்கினால் படகின் மூக்கில் முட்டுகிற தூரத்துக்குப் போய்த்தான் நிற்கும். "எங்க ஐஸு தண்ணியா வராது. கல்லாதான் வரும்" என்பார்.

போன மழைக்காலத்தில் கடல் பொங்கி, எண்ணூர்க் கரையில் ஒரு மணல்மேட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது. சாலைக்கும் படகுகளுக்கும் நடுவே யானை படுத்திருப்பது போல நீளமாகக் கிடக்கிறது. பிலோமி முதல்முறை அதில் ஏறியபோது முன்சக்கரங்கள் உச்சியைத் தாண்டிவிட்டன. பின்சக்கரங்கள் ஏறுவதற்குள் வண்டியின் நடுவயிறு மணலில் உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் நான்கும் சுற்றின, வண்டி நகரவில்லை. படகுக்காரர்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அன்றிலிருந்து அவருடைய வண்டியும் தார் முடிகிற இடத்தில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நிற்கிறது. அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டியை உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்தார். லிஃப்ட் என்று மற்றவர்கள் சொல்வதை இவர் 'தூக்கு' என்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவர் கணவர் ஆண்ட்ரூவுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பதற்றம். "வண்டிக்கித் தூக்குன்னு சொல்லு பிலோமி. சும்மா 'தூக்கு போடணும், தூக்கு போடணும்'னு ரோட்டுல நின்னு கத்தாத. நாலு பேர் ஓடியாந்துருவாங்க." ஆண்ட்ரூ தரையிலிருந்து பல மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கன்டெய்னர்களைத் தூக்கி வைப்பவர். மனைவியின் வண்டியில் ஏறினால் மட்டும் இறங்கும் வரை கைப்பிடியை விடமாட்டார்.

நான் பிலோமியோடு முதல் நாள் போனபோது, எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தோம். அந்த நெரிசலில்தான் எனக்குப் பாடம் நடந்தது. இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதுதான் வண்டியின் உடம்பு. கீழே வலது முஷ்டி, அது அச்சு. இரண்டுக்கும் நடுவே இருப்பது கமான் பட்டை, வில் போல வளைந்த இரும்புத் தகடுகள்.

"இந்த முஷ்டிக்கும் கமானுக்கும் நடுவுல ஒரு இரும்புக் கட்டைய சொருவிட்டா வண்டி படக்குனு எய்ந்துரும். ஜல்தியா ஆவற வேலை. இல்லையா, கமானையே புச்சா அடிச்சி, வளைவ ஏத்திப் போடணும். அது மெதுவா ஆவும். இன்னொண்ணு, சேஸு சட்டத்துக்கு மேல ரப்பர் குண்டு வெச்சி பாடிய மட்டும் தூக்குறது." வலது கை தன் வேலையை மறந்துவிட்டதால் பின்னாலிருந்த ட்ரெய்லர் ஹாரன் அடித்தது. "இருப்பா, பேசிகினு கீறோம்ல!" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "பாடிய மட்டும் தூக்குறது வேலைக்கி ஆவாது. நமக்கு இடிக்கிறது வயிறு. பாவாடைய தூக்கிக் கட்டினா வயிறு உள்ள பூடுமா?"

ஆக, இரும்புக் கட்டையா, புதுக் கமானா என்பதுதான் கேள்வி. எவ்வளவு உயரம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

உயரத்தை ஒரு கடையில் கண்டுபிடித்தார். ரோஷன் என்ற இளைஞர் நடத்துகிற கடை. மலையேறும் ஜீப்புகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறார். வாசலில் ஆறு இன்ச் உயர்த்தப்பட்ட ஒரு சிவப்பு வண்டி நிற்கும். பிலோமி கேரியரைத் தள்ளிப் பார்த்தார். மூன்று அடுக்குக்கும் மேல் இன்னும் கை நுழைகிற இடமிருந்தது. அனுமதி கேட்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். எதிரே போன ஆட்டோக்கள், மினி பஸ், எல்லாவற்றின் தலையும் அவருக்குக் கீழே தெரிந்தது.

"தம்பி, இங்கேர்ந்து பாத்தா ஹார்பர்ல எந்தக் கப்பல் வந்துகினு கீதுன்னு சொல்லிடலாம் போல கீது!"

"என்ன லோடுக்கா ஏத்துவீங்க?" என்று ரோஷன் கேட்டார்.

"ஐஸு."

"அப்ப ஆறு இன்ச் வேணாங்க்கா. வெயிட்டு மேல போனா வண்டி ஆடும். சும்மா சுத்துறவங்களுக்குத்தான் இது."

நல்ல வியாபாரி; உண்மையைச் சொன்னார். பிலோமியின் காதில் 'ஆறு இன்ச்' மட்டும்தான் விழுந்தது. திரும்பும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்தார். சிக்னலில் நின்றபோது தன் இருக்கையில் நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, இல்லாத உயரத்திலிருந்து சாலையைப் பார்த்துக்கொண்டார்.

தண்டையார்பேட்டையில் மஜீது பாயின் கமான் பட்டறை இருக்கிறது. பிலோமி போய் இறங்கியதும் "பாய், ஆறு இன்ச்சு கட்டை" என்றார், சாயா ஆர்டர் கொடுப்பது போல.

மஜீது எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார். "பிலோமிக்கா, கட்டை வெச்சா ஒசரும். ஒசரம் ஏற ஏற கமான் முறுக்கிக்கும். லோடோட மணல்ல மிதிச்சீங்கன்னா பின்னாடி தவக்கள மாதிரி குதிக்கும். அப்பால ஆர்.டி.ஓ. எதுனா பாத்தா வண்டி உள்ள பூடும்."

"ஒரே ஒரு நாளு பாய். ஓட்டிப் பாத்துட்டுக் கயட்டிரலாம்."

"கயட்டப் போறத எதுக்கு மாட்டணும்?"

"ஆசையா கீது பாய்!"

மஜீது தலையில் அடித்துக்கொண்டு ஜாக்கியை எடுத்தார். பின்னால் இரும்புக் கட்டை வைத்தார். முன்னால் கமானைத் தாங்குகிற தகடுகளை நீளமாக மாற்றினார். மாலைக்குள் மஞ்சள் வண்டி கொக்கு மாதிரி நின்றது. பிலோமி கேரியரை அடியில் தள்ளினார். அது கோயிலுக்குள் நுழைவது போல நிமிர்ந்தபடியே நுழைந்தது. அவர் நடுரோட்டில் கைதட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்க் கடைக்காரர்களும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

மறுநாள் காலை ஐஸ் ஃபேக்டரியில் சின்னப்பையன் வண்டியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். சின்னப்பையன் என்பது பெயர்தான். ஆளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலை பஞ்சாக வெளுத்துவிட்டது. பிலோமியின் வண்டியில் ஐஸ் ஏற்றி இறக்குவது அவர்தான். ஃபேக்டரி மேடையும் பிக்கப்பின் தளமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும். கொக்கியை ஐஸ் பாரில் மாட்டி ஒரு இழுப்பு. அது வழுக்கிக்கொண்டு வண்டிக்குள் போய்விடும். அன்றைக்கு வண்டியின் தளம் மேடையை விட உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு பாரையும் தம்கட்டித் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

"இன்னா நைனா, வண்டி சோக்கா கீதா?" என்றார் பிலோமி.

"சோக்காதான் கீது" என்றார் சின்னப்பையன், மூச்சு வாங்கிக்கொண்டு.

எண்ணூர் போகும் வரை பிலோமியின் உற்சாகத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. விம்கோ நகர் மெட்ரோ ரயில் மேலே போனபோது, "நாம கொஞ்சம் எக்கினா கைகுடுக்கலாம் போல கீது" என்றார். தார்ச்சாலை முடிந்தது. வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் வழிவிட்டார்கள். சின்னப்பையன் பின்னால் ஐஸ் பார்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

மேட்டின் சரிவில் ஏறத் தொடங்கியதும் பின்பக்கம் குதித்தது. மஜீது சொன்ன அதே தவளைக் குதிப்பு. பிலோமி ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். இன்னும் பலமாகக் குதித்தது. இடது பின்சக்கரம் மணலில் இறங்க, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஐஸ் பார்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் சரிகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. என் பக்கத்துக் கண்ணாடியில் வானம் போய் மணல் வந்தது. கவிழ்ந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கவிழவில்லை. அப்படியே சாய்ந்து நின்றுவிட்டது.

பிலோமி கதவைத் திறந்து குதித்தார். வண்டியின் பின்னால் சின்னப்பையன் இல்லை. மேட்டுக்குக் கீழே, உடைந்த ஐஸ் துண்டுகளுக்கு முன்னால், மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நைனா! நைனா!"

அவர் வாயிலிருந்த மணலைத் துப்பினார். "ஐஸுக்கு முன்னாடி நான் வந்து சேந்துட்டேன், பாத்தியா" என்றார்.

ஓடிவந்த படகுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பிலோமி சிரிக்கவில்லை. சின்னப்பையனைக் கைகொடுத்து எழுப்பினார். ஒரு பார் அவர் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று ஐஸை எல்லோரும் சுமந்து கொண்டுபோனார்கள். வண்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பிலோமி காசிமேடு வரும் வரை வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டினார். அவரை அப்படிப் பார்த்தது எனக்கு அது ஒரு தடவைதான்.

அடுத்த நாள் சின்னப்பையன் வேலைக்கு வரவில்லை. காலடிப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பிலோமி போனார். நானும் கூடப் போனேன். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார்.

"வியுந்ததுல அடியா நைனா?"

"வியுந்தது மணல்ல. அதுல ஒண்ணும் ஆவல. தூக்குனதுலதான் புட்சிகிச்சி."

"மேல தூக்கறப்பவே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

சின்னப்பையன் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். "நீ அப்டி சிரிச்சிகினு நின்ன. எப்டி சொல்றது?"

பிலோமி கட்டில் காலருகே தரையில் குந்திவிட்டார். "கட்டைய கயட்டிர்றேன். ஆனா மேட்ட தாண்டாம வுடமாட்டேன். உன் இடுப்பும் நோவக் கூடாது, வண்டி வயிறும் இடிக்கக் கூடாது. அது எவ்ளோ ஒசரம்னு நீ வந்து நின்னு சொல்லு. நீ சொல்ற எடத்துல நிறுத்திக்கிறேன்" என்றார்.

"நான் இன்னாத்த சொல்றது? நான் இன்னா மெக்கானிக்கா?"

"தூக்குறது நீதான?"

சின்னப்பையனின் இடுப்பு தேறியதும் ஒரு பிற்பகலில் அந்த அளவெடுப்பு நடந்தது. நான் பார்த்த அளவெடுப்புகளில் அதுபோல வேறில்லை. கட்டைகளைக் கழற்றிய வண்டி, ஐஸ் ஃபேக்டரி மேடையை ஒட்டி நின்றது. மஜீது பாய் தன் பட்டறை ஜாக்கிகளோடு வந்திருந்தார். மேடைமேல் சின்னப்பையன், கொக்கியும் ஒரு ஐஸ் பாருமாக. ஃபேக்டரி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மஜீது ஜாக்கியை அழுத்த, வண்டி விரல் விரலாக உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் சின்னப்பையன் பாரை இழுத்துப் பார்த்தார்.

"ஈஸியா கீது. இன்னும் ஏத்து... ஏத்து... நிறுத்து, நிறுத்து! இதுக்கு மேல போனா தூக்கணும்."

பிலோமி கேரியரோடு தரையில் படுத்துவிட்டார். அடியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டரை அடுக்குதான் பூருது! இன்னும் கொஞ்சம் ஏத்து பாய்!"

"ஏத்தாதீங்க பாய்!" என்றார் சின்னப்பையன்.

"நாலு விரக்கடை நைனா!"

"ஒரு விரக்கடை கூட கெடியாது!"

"ரெண்டு?"

"இன்னாமே, கத்திரிக்கா வாங்குறியா?"

கூட்டம் சிரித்தது. பிலோமி வண்டிக்கடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். தலையெல்லாம் தூசி. வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார். தளத்தைக் கையால் தட்டினார். 'டொக்' என்று மரச் சத்தம் கேட்டது. இன்னொரு முறை தட்டினார். சட்டென்று வண்டிமேல் தாவி ஏறி, தளத்தின் ஓரத்தில் விரலை விட்டுத் துழாவினார்.

"பாய்! இங்க வா! இது இன்னா?"

"பலகை. பயைய கம்பெனிக்காரன் போட்டது. இரும்பு சாமான் ஏத்தறப்ப தகடு நசுங்காம இருக்க."

"எவ்ளோ தடிப்பு?"

மஜீது எட்டிப் பார்த்தார். பலகையும், அதைத் தாங்கும் சட்டங்களுமாகச் சேர்த்து நான்கு விரல் அகலத்துக்கு மேலேயே இருந்தது. அவர் பதில் சொல்வதற்குள் பிலோமி கத்தத் தொடங்கிவிட்டார்.

"ஐஸுக்கு எதுக்கு பாய் பலகை? ஐஸு இன்னா இரும்பா? இத்த புடுங்கிட்டா தளம் எறங்கிரும்! தளம் எறங்குன அளவுக்கு வண்டிய ஏத்திக்கலாம்! நைனாக்கு அதே மேடை, வண்டிக்கு நாலு விரக்கடை! அய்யோ, இத்தன நாளா இதுக்கு மேலயே குந்திகினு இருந்தனே!"

மேடையிலிருந்த ஐஸ் ஆட்கள் விசிலடித்தார்கள். சின்னப்பையன் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "கணக்கு சரியாத்தான் வருது" என்றார். அன்றைக்கே பலகையைப் பிடுங்கினார்கள். தகட்டுக்கு மேல் மெல்லிய ரப்பர் விரிப்பு போதும் என்று மஜீது சொன்னார். வண்டியை மறுபடி ஜாக்கியில் ஏற்றினார்கள். ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. டிஃபன் கேரியரும் மூன்று அடுக்கோடு அடியில் போனது. கைப்பிடி மட்டும் இடித்தது. "கைப்பிடிய மடக்கிக்கலாம், வுடு" என்றார் பிலோமி. ஆறு இன்ச் மூன்றாகக் குறைந்திருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"கட்டை வேணாம்ல?" என்று மஜீது உறுதிப்படுத்திக்கொண்டார்.

"கட்டைய அடுப்புல வெய்யி. எனக்குப் புச்சா கமான் அடிச்சிக் குடு."

புதுக் கமான் அடிக்கிற நாளெல்லாம் பிலோமி பட்டறையிலேயே கிடந்தார். பட்டைகள் உலையில் சிவந்து வெளியே வரும். மஜீதும் அவர் ஆட்களும் அதை அச்சில் வைத்து வளைவு ஏற்றுவார்கள். எண்ணெய்த் தொட்டியில் முக்கியதும் புகை மேலெழும். ஒவ்வொரு பட்டை உள்ளே போகும்போதும் பிலோமி ஒரு அடி பின்வாங்கி, புகை அடங்கியதும் இரண்டு அடி முன்னால் வருவார். நான்கு சக்கரத்துக்கும் கமான் மாறியது. அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர் ரோஷன் கடையிலிருந்து வந்தது. ரோஷனே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றிப் பார்த்து, "இதுதாங்க்கா கரெக்ட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை பிலோமி முழு வாக்கியத்தையும் கேட்டார்.

வெள்ளோட்டத்துக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கமான் மாட்டி முடித்த மறுநாள் மதியம், சாப்பிட உட்காருகிற நேரத்தில், எண்ணூரிலிருந்து ஞானதுரை போன் செய்தார். அந்தக் கரையில் படகு வைத்திருப்பவர். குரல் போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"யக்கா! கானாங்கத்த! வல கியிஞ்சிடும் போல கீது! எங்க போட்டு மட்டும் இல்லக்கா, எல்லா போட்டும் ரொம்பி வந்துகினு கீது! வெயிலு பொளக்குது, ஐஸு இல்லாங்காட்டி எல்லாம் கலீஜாயிடும்! கெளம்புக்கா!"

பிலோமி சோற்றில் வைத்த கையோடு எழுந்தார். ஃபேக்டரியில் சின்னப்பையன் கொக்கியை மாட்டி மாட்டி இழுக்க, பார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி வண்டிக்குள் போய் முட்டின. ஒன்றையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அவர் பின்னால் ஏறப் போனபோது பிலோமி தடுத்தார்.

"அங்க இல்ல நைனா. முன்னாடி வா. இனிமே முன்னாடிதான்."

மூன்று பேரும் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் அசையாமல் நின்றன. பிலோமி உள்தெருக்களில் புகுந்து, மெட்ரோ தூண்களுக்கு அடியில் வளைந்து, யார் யாரையோ "நைனா, கொஞ்சம் ஒத்து!" என்று கெஞ்சிக்கொண்டே போனார். ஆனால் இந்த முறை வண்டி ஆடவில்லை. பள்ளத்தில் இறங்கினால் கமான் மடங்கி, பெருமூச்சு விடுவது போல நிமிர்ந்தது. "பாத்தியா தம்பி, பாத்தியா, எப்டி குந்தி எய்ந்துக்குது பாரு" என்று என் தொடையில் அறைந்தார்.

கரையில் தார் முடிகிற இடத்தில் ஐஸ் வண்டிகள் மொத்தமாக நின்றன. ஆட்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பார்களைச் சுமந்து மேடேறினார்கள். வெயிலில் ஐஸ் கண்ணெதிரே சுருங்கியது. மேட்டுக்கு அப்பால் படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்குவதும், பெண்கள் ஏலம் கூவுவதும், யாரோ "ஐஸு! ஐஸு!" என்று அலறுவதும் கேட்டன.

பிலோமி வண்டியை நிறுத்தி நான்கு சக்கர இழுவையைப் போட்டார். கியரைக் குறைத்தார். சின்னப்பையன் கண்ணை மூடிக்கொண்டு மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தார்.

முன்சக்கரங்கள் ஏறின. வானம் தெரிந்தது, வானம் மட்டும்தான். பின்பக்கம் குதிக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்; குதிக்கவில்லை. உச்சி வந்தது. மூக்கு மெதுவாகக் கீழே கவிழ, கடல் முழுதாகக் கண்ணில் பட்டது. இனி அந்த 'டங்'. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அடியில் மணல் 'சர்ர்' என்று உரசியது. அவ்வளவுதான். பின்சக்கரங்களும் ஏறின, உச்சியைத் தாண்டின, இறங்கின.

"தாண்டிச்சா?" என்றார் சின்னப்பையன், கண்ணைத் திறக்காமல்.

"தாண்டிச்சி நைனா! தாண்டிச்சி, தாண்டிச்சி, தாண்டிச்சி!" பிலோமி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினார். ஹாரன் தன்னால் அடித்தது.

படகின் மூக்கருகே போய் நின்றோம். ஞானதுரை ஓடிவந்து பானெட்டைக் கட்டிக்கொண்டார். கானாங்கெளுத்தி மீன்கள் நீலமும் பச்சையுமாக மலைபோலக் கிடந்தன. மரச் சுத்தியலால் ஐஸை உடைத்து அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். ஒரு படகுக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. பிலோமி மற்ற படகுகளைப் பார்த்தார். மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டிகளைப் பார்த்தார்.

திரும்ப மேடேறி, வரிசையில் முதலில் நின்ற வண்டியின் பின்பக்கத்தோடு தன் வண்டியின் பின்பக்கத்தைச் சேர்த்து நிறுத்தினார். "இன்னா பாத்துகினு கீறீங்க? உங்க ஐஸையும் இதுல தள்ளுங்க! கரஞ்சா யாருக்கு லாபம்?"

அன்று பிற்பகல் முழுக்க மஞ்சள் வண்டி அந்த மேட்டில் ஏறி இறங்கியது. எத்தனை நடை என்று யாரும் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவை உச்சியைத் தாண்டும்போதும் கரையிலிருந்தவர்கள் 'ஓ' என்று கத்தினார்கள். மூன்றாவது நடையிலோ நான்காவது நடையிலோ சின்னப்பையன் கண்ணைத் திறந்துகொண்டார். அதற்கப்புறம் 'ஓ' போடுவதில் அவர்தான் முதல். ஒரு கூடை மீன்கூடக் கெடவில்லை என்று ஞானதுரை ஊர்முழுக்கப் போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் தணிந்தபோது எல்லா ஐஸும் தீர்ந்திருந்தது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நாங்கள் கடைசியாக மேட்டைத் தாண்டி வந்தோம். முன்சக்கரங்கள் தாரைத் தொட்டன. சாலை காலியாகக் கிடந்தது. சின்னப்பையன் சாய்ந்து உட்கார்ந்து, "வூட்டாண்ட வுட்டுரு பிலோமி, பசிக்குது" என்றார்.

பிலோமி சாலையைப் பார்த்தார். கண்ணாடியில் மேட்டைப் பார்த்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வண்டியை வட்டமடித்து, மறுபடி மணலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார்.

"ஐஸுதான் தீந்து பூட்ச்சே, எங்கமே போற?" என்றார் சின்னப்பையன்.

பிலோமி காலிலிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக உதறி ஓரத்தில் தள்ளிவிட்டு, வெறுங்காலை ஆக்ஸிலேட்டரில் வைத்தார்.